டூடுல்னா கிறுக்கல்தானா?

போன்ல யார்கூடயோ பேசிட்டிருக்கோம், கையில பேனா இருக்கு, பேப்பர் ஓரத்துல ஒரு வட்டம் போடுறோம், அதுக்குள்ள இன்னொண்ணு, அப்புறம் அதுக்கு ஒரு வால், பேசி முடிச்சுட்டு குனிஞ்சு பாத்தா மீன் மாதிரி என்னமோ ஒண்ணு நம்மள பாத்துட்டிருக்கும். இதுதான் டூடுல். என்ன வரையப்போறோம்னு முடிவே பண்ணாம கை போன போக்குல விடுறது.

இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ்ல வந்தப்போ படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, டூடுல்னா முட்டாள், அவ்ளோதான். வரையுற அர்த்தம் 1930கள்லதான் ஒட்டிச்சு. 1936ல வந்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்'ங்கிற ஹாலிவுட் சினிமாதான் இதை ஊரறிய வெச்சுதுன்னு சொல்வாங்க. அதுல ஹீரோவுக்கு புத்தி சரியில்லன்னு கேஸ், கோர்ட்ல அவர் என்ன சொல்றார்னா, யோசிக்கும்போது ஆளாளுக்கு ஒரு பழக்கம் இருக்கும், சில பேர் பேப்பர்ல இப்படி கோடு போடுவாங்கன்னு சொல்லி, தனக்கு எதிரா சாட்சி சொன்ன டாக்டர் போட்டு வெச்சிருந்த டூடுலையே எடுத்துக் காட்டுவார்.

இப்ப தமிழுக்கு வாங்க. கிறுக்குன்னா பைத்தியம், கிறுக்குறதுன்னா கண்டபடி கோடு போடுறது. அங்க முட்டாள், இங்க பைத்தியம்! ரெண்டு மொழியிலயும் புத்தியோட பிடி கொஞ்சம் தளர்ந்த ஆளும் இந்தக் கோடும் ஒரே சொல்லுக்குள்ள வந்து உக்காந்திருக்கு பாருங்க, எனக்கு இது அவ்ளோ பிடிக்கும், ஏன்னா டூடுல்ல நடக்குறதே அதுதான், அந்தப் பிடிய நாமளே விடுறோம்.

தாகூர் அப்படித்தான் ஓவியர் ஆனார். கவிதை எழுதுற நோட்டுல அடிச்ச வார்த்தைங்கள அப்படியே விடாம ஒண்ணோட ஒண்ணு கோடு போட்டு இழுத்து இழுத்து பறவையாவும் பேர் தெரியாத மிருகமாவும் ஆக்கினார், 1924ல எழுதின 'பூரபி' கவிதை நோட்டுல இது நிறைய இருக்கு. 1930ல பாரிஸ்ல அவரோட ஓவியக் கண்காட்சியே நடந்துச்சு, அப்ப வயசு 69 கிட்ட.

செஞ்சு பாக்கணும்னா பென்சில் வேணாம், பேனா எடுங்க, ரப்பர் கையில இருந்தா அழிக்கத்தான் தோணும். பேனாவ தூக்காம ஒரே கோடா சுத்தி சுத்தி விட்டுட்டு, எங்கயாவது இலையோ மூக்கோ தெரிஞ்சா அதுக்கு மட்டும் ஒரு புள்ளி வைங்க. மொத ரெண்டு நிமிஷம் கை "அழகா வரணும்"னு இறுகும், அப்புறம் தானா இளகிடும்.

சரி, தமிழ்ல எதைச் சொல்றது? கோட்டோவியம்னு சில பேர் எழுதுறாங்க, எனக்கு சரியா படல, அது திட்டம் போட்டு வரையுறதுக்கும் பொருந்தும். கிறுக்கல்தான் பொருத்தம். மோசமான கையெழுத்தையும் கிறுக்கல்னு சொல்றோமே, குழம்பாதான்னா, பிரிச்சுக் காட்ட வேண்டிய எடத்துல மட்டும் கிறுக்கோவியம்னு எழுதிக்கலாம். பேச்சுல "டூடுல் பண்றேன்"னு சொல்லவே வேணாம், "சும்மா கிறுக்கிட்டிருக்கேன்", அந்த 'சும்மா' சேந்துட்டா அர்த்தம் முழுசா வந்துடுது.