அடைப்பு ஏன் அதே இடத்துக்குத் திரும்புகிறது?

கழிவறைக் குழாய் என்றோ ஒருமுறை அடைத்துக்கொண்டால் உள்ளே எதையோ போட்டிருக்கிறார்கள் என்று எண்ணலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொண்டால் குற்றம் பெரும்பாலும் குழாயினுடையதுதான். நாப்கினும் டயபரும் எந்தக் குழாயையும் அடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய கட்டடங்களில், மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தித் திறந்த பிறகும் அடைப்பு திரும்ப வருகிறதென்றால், காரணத்தை மண்ணுக்குள் தேடவேண்டும்.

கழிவுக் குழாயில் தண்ணீர் முழுதாக நிறைந்து ஓடுவதில்லை. ஃப்ளஷ் செய்ததும் ஓர் அலை கிளம்பித் திடக்கழிவைச் சுமந்து செல்கிறது. போகப்போக அது தட்டையாகிக் கழிவை வழியில் விட்டுவிட, அடுத்து வரும் அலை அதை மேலும் தள்ளுகிறது. இது தடையின்றி நடக்க, நீர் நொடிக்கு 0.6 முதல் 0.75 மீட்டர் வேகத்திலாவது ஓடவேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1, 6 அங்குலத்துக்கு 60-க்கு 1 என்று வாட்டம் (சரிவு) கொடுக்கும் வழக்கம் அதற்காகவே ஏற்பட்டது. அதாவது, 8 மீட்டர் தொலைவில் 4 அங்குலக் குழாய் 20 சென்டிமீட்டர் இறங்கியாக வேண்டும்.

பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்றடி நீளத் துண்டுகள். ஒவ்வோர் இணைப்பிலும் சிமென்ட் கலவை பூசியிருப்பார்கள். மண் இறங்கும்போது ஏதோவொரு துண்டு தாழ்ந்துபோய், அங்கே வாட்டம் தலைகீழாகித் தண்ணீர் தேங்குகிறது. வேகம் குறைந்த அந்த இடத்தில் கழிவு படிகிறது. விரிசல் விட்ட இணைப்பின் வழியே நுழையும் மயிரிழை போன்ற வேர், உள்ளே ஈரமும் உரமும் கிடைப்பதால் கொத்தாக வளர்ந்து, வருவதையெல்லாம் பிடித்துவைக்கிறது. வார்ப்பிரும்புக் குழாயிலோ துருவும், சிறுநீரிலிருந்து படியும் உப்புப் பொருக்கும் உள்விட்டத்தைச் சுருக்கிவிடுகின்றன.

பலர் கவனிக்காத காரணம் ஒன்றும் உண்டு. உயரத்தில் மாட்டிய பழைய ஃப்ளஷ் தொட்டிகள் 10 லிட்டருக்கு மேல் நீரைக் கொட்டின. இன்றைய தொட்டிகள் 6 அல்லது 3 லிட்டர் மட்டுமே விடுகின்றன. கழிவறையைப் புதுப்பித்துவிட்டு, தாழ்ந்துபோன குழாயை அப்படியே விட்டால், அந்தச் சிறிய அலை பள்ளத்தைத் தாண்டாது. 6 அங்குலமாக மாற்றினால் தீரும் என்பதும் தவறு. அகன்ற குழாயில் அதே நீர் இன்னும் மெல்லிய படலமாகப் பரவிவிடும்.

ஆகவே முதலில் இடத்தைக் கண்டறியவேண்டும். குழாயின் இரு முனைகளிலும் உள்ள சேம்பர்களை (மூடியுள்ள ஆய்வுத் தொட்டிகளை) திறந்து, ஒன்றில் விளக்கையும் மற்றதில் கண்ணாடியையும் பிடித்தால், நேரான குழாயில் வட்டம் முழுதாகத் தெரியும். தாழ்ந்த குழாயில் அது பிறையாகத் தெரியும். கேமராவை உள்ளே விட்டால் இன்னும் தெளிவாகும். ஆழமான சேம்பருக்குள் யாரையும் இறக்கக்கூடாது. நச்சுவாயு நொடிகளில் உயிரைப் பறிக்கும், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. அமிலம் ஊற்றுவதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் அது பொருக்கோடு சிமென்ட் இணைப்பையும் இரும்பையும் சேர்த்தே அரிக்கும்.

பழுதான பகுதியைத் தோண்டி, இறுக்கிய மணற்படுக்கையின் மேல் பிவிசி குழாயைச் சரியான வாட்டத்தில் பதித்து, கிளைக்குழாய் சேருமிடத்தில் செங்குத்தாகச் சேரும் ‘டீ’ (T) இணைப்புக்குப் பதிலாகச் சாய்வான ‘ஒய்’ (Y) இணைப்பை வைப்பதே நிலையான தீர்வு. பள்ளத்தை மூடுமுன், குழாயின் உள்விட்டத்தைவிட 13 மில்லிமீட்டர் சிறிய வழவழப்பான பந்தொன்றை மேல்முனையில் விட்டுப் பார்க்கவேண்டும். அது எங்கும் நில்லாமல் கீழ்ச் சேம்பரில் வந்து விழுந்த பிறகே மண்ணைத் தள்ளலாம்.