கம்பிரஷன் சோதனையில் எந்த எண்ணை நம்புவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய புரோட்டோன் சாகா கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இழுவை குறைந்து பட்டறைக்குப் போனால், "அண்ணே, கம்பிரஷன் இல்ல, எஞ்சினைப் பிரிக்கணும்" என்ற தீர்ப்பு சட்டென்று வந்துவிடும். கம்பிரஷன் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும்போது எழும் அழுத்தம்; ஸ்பார்க் பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுழற்றி அதை அளப்பார்கள். அந்தத் தீர்ப்புக்குத் தலையாட்டும் முன், அழுத்தமானி காட்டிய அளவுகளைச் சிலிண்டர் வாரியாக எழுதித் தரும்படி கேட்பது நல்லது.

பிஸ்டன் காற்றை ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கினால் அழுத்தமும் ஒன்பது மடங்காகும் என்பது எளிய கணக்கு. வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) கழித்துவிட்டால் மானியில் 118 அளவே தெரிய வேண்டும். ஆனால், நல்ல எஞ்சினில் 170 வரையிலும் வருவதுண்டு. விரைந்து நெருக்கப்படும் காற்று சூடேறி, அச்சூடு அழுத்தத்தை மேலும் உயர்த்துவதே காரணம். பேட்டரி தளர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுழன்றால், காற்று கசியவும் சூடு சிலிண்டர் சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்காவிட்டால் போதிய காற்றே உள்ளே புகாது. எஞ்சினைச் சூடாக்காமல், எல்லா பிளக்குகளையும் கழற்றாமல் எடுத்த அளவையும் நான் பொருட்படுத்த மாட்டேன்.

நான்கு சிலிண்டர்களிலும் 140 காட்டும் பழைய எஞ்சினைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. 165, 160, 110, 158 என்று காட்டுவதே கவலைக்குரியது. மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் முக்கால் பங்குக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இங்கே அந்த வரம்பு ஏறத்தாழ 124. மூன்றாம் சிலிண்டர் அதற்கும் கீழே கிடக்கிறது.

குறை எங்கே என்பதை ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் காட்டிக்கொடுக்கும். பிளக் துளை வழியே அதை ஊற்றி மறுபடி சோதிக்கும்போது 110 என்பது 150 ஆக உயர்ந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான தேய்ந்த இடைவெளியை எண்ணெய் அடைத்திருக்கிறது என்று பொருள். செம்மண் சாலைப் புழுதி, கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகப் புகுந்து சுவரை உராய்ந்திருக்கவும் கூடும். எண்ணெய் ஊற்றியும் அளவு உயராவிட்டால், காற்று வந்துபோகத் திறந்து மூடும் வால்வையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே எண்ணெய் எட்டுவதில்லை. வால்வுதான் என்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், ரிங் என்றால் எஞ்சினையே பிரிக்கும் முழு ஓவர்ஹோல். செலவில் பெரிய வேறுபாடு உண்டு. எண்ணெயை அதிகம் ஊற்றினால் அதுவே இடத்தை அடைத்துக்கொண்டு அளவைப் பொய்யாக உயர்த்திவிடும்.

அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரத் தாழ்ந்திருந்தால், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் அவற்றுக்கு இடையே எரிந்திருக்கலாம். நான்கும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால், ரிங்கைக் குறை சொல்லும் முன், வால்வுகளை உரிய நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அதற்கு மூடியைக் கழற்றிக் குறிகளை ஒப்பிட்டால் போதும்.