நல்ல நீர்ச்சபைக்கு என்ன அடையாளம்? மட்டக்களப்பு, அம்பாறைப் பாவனையாளருக்கு ஒரு விளக்கம்

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் தரையில்தான் மட்டக்களப்பின் சனத்தொகையில் கணிசமான பகுதி வாழ்கிறது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, அப்படியே தெற்கே போனால் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். இந்தக் கரையோர மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். ஆனால் அந்த நன்னீர், கீழே கிடக்கும் உவர் நீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். வளவுக்கு வளவு மலசலகூடக் குழி வேறு. காத்தான்குடி மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய ஊரில் கிணற்றையும் குழியையும் எவ்வளவு தூரம்தான் தள்ளிவைக்க முடியும்? மணல் அழுக்கைப் போதியளவு வடித்து வைக்காது. 2004 சுனாமியில் கரையோரக் கிணறுகள் உவராகிப்போனதும், 2011 ஜனவரி வெள்ளத்தில் கிணறும் குழியும் ஒன்றாக மூழ்கியதும் இங்கே பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

ஆகவே குழாய் நீர் இங்கே ஆடம்பரம் கிடையாது. மட்டக்களப்புப் பக்கத்துக்கு உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வந்த திட்டம் அது. அம்பாறைக்கும் அந்த மாவட்டத்தின் கரையோர ஊர்களுக்கும் கொண்டவட்டவான் குளம். இரண்டையும் நடத்துவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரச நிறுவனம். சில கிராமங்களில் சமுதாய அமைப்புகளே சிறிய திட்டங்களை நடத்துகின்றன. அவற்றுக்கென 2014 இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் அமைக்கப்பட்டது.

சரி, இந்தச் சபை ஒழுங்காக நடக்கிறதா என்று நாம் எதை வைத்துச் சொல்வது? நம்மவர்கள் பார்ப்பது இரண்டைத்தான்: தண்ணீர் வருகிறதா, பில் எவ்வளவு. அமெரிக்காவில் 2007 இல் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் நீர்த்துறைச் சங்கங்களும் கூடி, நன்றாக நடக்கும் நீர் நிறுவனத்துக்குப் பத்துப் பண்புகள் என்று ஒரு பட்டியல் போட்டன. நீரின் தரம், பாவனையாளர் திருப்தி, நிதி நிலை, ஊழியர் திறன், நீர்மூலத்தின் நிலைப்பு, இடர் வந்தால் தாங்கும் சக்தி என்று அது போகிறது. பட்டியல் சரியானதுதான். ஆனால் நமக்கு எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டிய ஓர் எண் உண்டு. ஒரு நிறுவனத்தின் மற்றச் சங்கதிகளில் பாதியை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அதுதான் வருமானம் தராத நீர். சுத்திகரித்து அனுப்பிய நீரில் எவ்வளவு பில்லில் ஏறவில்லை என்ற கணக்கு. ஆலையிலிருந்து 100 அலகு வெளியே போகிறது, பில்களில் 75 தான் பதிவாகிறது என்றால் மீதி 25 எங்கே? கொஞ்சம் நிலத்தடியில் கசிந்திருக்கும். கொஞ்சம் பழைய மீற்றர்கள் குறைத்துக் காட்டியதில் போயிருக்கும். கொஞ்சம் களவு இணைப்பு. இன்னும் கொஞ்சம் தீயணைப்பு, பொதுக்குழாய் என்று அனுமதியோடு இலவசமாகப் போனது. இலங்கை முழுவதற்கும் இந்த இழப்பு ஏறத்தாழக் கால்வாசி என்பதுதான் பல வருடக் கணக்கு. கொழும்பு நகரில் 2012 அளவில் கிட்டத்தட்டப் பாதி. பழைய குழாய்களை மாற்றி அதைக் குறைக்கவே ஒரு பெரிய திட்டம் தேவைப்பட்டது.

கசிவைக் கண்டுபிடிக்கும் வழி சுவாரசியமானது. ஊரைச் சிறு சிறு வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வலயத்துக்குள்ளும் நீர் நுழையும் இடத்தில் ஒரு பெரிய மீற்றர் பொருத்துவார்கள். பிறகு இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் அதைப் பார்ப்பார்கள். எல்லோரும் தூங்கும் நேரம். அப்போதும் மீற்றர் வேகமாக ஓடினால் பெரும்பாலும் அது கசிவுதான். இந்த முறையை எழுதியவர்கள் காத்தான்குடியையோ சாய்ந்தமருதையோ நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்திய சாப்பாட்டுக்கு, எழும் ஊரில் அந்த நேரத்தில் அளந்தால், கசிவே இல்லாத வலயமும் ஓட்டையாகத்தான் தெரியும். கூரைத் தாங்கிகள் இரவில்தான் நிரம்பும் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஊரை அறிந்த பொறியியலாளருக்கும், தாளில் உள்ளதை அப்படியே செய்பவருக்கும் உள்ள வித்தியாசம் இப்படியான இடத்தில்தான் தெரியும்.

இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு நிறுவனத்தையே நிமிர்த்திய நகரம் கம்போடியாவின் தலைநகர் புனோம்பென். யுத்தத்தில் நொறுங்கிய நகரம் என்பதால் நமக்கு அதன் கதை அந்நியமாக இருக்காது. 1993 இல் அங்கே வருமானம் தராத நீர் 72 வீதம். நாளுக்குப் பத்து மணித்தியாலம்தான் தண்ணீர். அனுப்பிய பில்களில் பாதிக்குக்கூடப் பணம் வரவில்லை. ஊழியர்களே களவாக இணைப்பு விற்றார்கள். அந்த வருடம் நகரின் நீர் நிறுவனத்துக்குப் பொறுப்பேற்ற எக் சொன் சான் எல்லா இணைப்புக்கும் மீற்றர் பூட்டினார், பாவனையாளர் பட்டியலை வீடு வீடாகப் போய்ப் புதுப்பித்தார், களவுக்குத் துணைபோன ஊழியர்களை வெளியேற்றினார், ஒழுங்காக வேலை செய்தவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினார். பணம் கட்டாத ஓர் இராணுவ உயரதிகாரியின் இணைப்பைத் துண்டிக்கப் போனபோது எக் சொன் சானின் நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீண்டது. திரும்பிப் போனவர், ஆயுதப் பொலிஸாரோடு வந்து துண்டித்தார். ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் மானியமும் கொடுத்தார்கள். பதினைந்து வருடத்துக்குள் இழப்பு 6 வீதமளவுக்கு இறங்கி, தண்ணீர் 24 மணித்தியாலமும் ஓடியது. வெளிநாட்டு உதவியும் பெரிதாகக் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அதே அளவு உதவி பெற்றும் நிமிராத நகரங்கள் ஏராளம்.

24 மணித்தியாலம் என்பதை வசதிக்காக மட்டும் கேட்பதாக நினைக்க வேண்டாம். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை கசிவு வழியே நீர் வெளியே போகும். அழுத்தம் விழுந்தால் அதே ஓட்டை வழியே வெளியிலுள்ளது உள்ளே வரும். மாரி காலத்தில் நமது மணலில் குழாய் பல இடங்களில் நிலத்தடி நீருக்குள்ளேயே கிடக்கும். பக்கத்தில் யாருடைய குழி என்று சொல்ல முடியாது. ஆலையில் எவ்வளவு நன்றாகச் சுத்திகரித்தாலும் அடிக்கடி வெட்டி வெட்டி விடும் நீரில் இந்த ஆபத்து ஒட்டிக்கொண்டே இருக்கும். சபையின் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு இழுப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்து.

அடுத்தது பணம். 2012 க்குப் பிறகு நீர்க் கட்டணம் பத்து வருடம் தொடப்படவேயில்லை. 2022 செப்ரெம்பரில் கூட்டினார்கள், 2023 ஓகஸ்டில் மறுபடி கூட்டினார்கள். 2024 ஓகஸ்டில் வீட்டுப் பாவனைக்கு 7 வீதம் குறைத்தார்கள். அந்தப் பத்து வருடமும் சனத்துக்கு நன்மை செய்ததாக அரசியல்வாதிகள் நினைத்திருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வருடா வருடம் ஐந்து பத்து என்று ஏறியிருந்தால் குடும்பங்கள் சமாளித்திருக்கும். விலைவாசியே மூச்சடைத்த நேரத்தில் இதுவும் சேர்ந்து விழுந்ததுதான் வலி. நீர் நிறுவனத்தின் பெரிய செலவுகளில் ஒன்று நீரை இறைக்கும் மின்சாரம். அது 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. குளோரினும் சுத்திகரிப்பு இரசாயனங்களும் டொலரில் வருபவை. வருமானம் போதாத நிறுவனம் முதலில் கைவைப்பது பராமரிப்பில்தான், ஏனென்றால் அது உடனே யாருக்கும் தெரியாது. ஐந்து வருடம் கழித்துக் குழாய் வெடிக்கும்போது திட்டத்தைத் திறந்துவைத்தவர் எங்கேயோ இருப்பார்.

மின்சாரக் கட்டணத்துக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பகிரங்கமாகக் கருத்துக் கேட்கிறது. 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கமான அந்த ஆணைக்குழுவின் சட்டத்தில் நீரும் குறிப்பிடப்பட்டிருந்தும், நீர்க் கட்டண மாற்றங்களை நாம் வர்த்தமானியில் பார்த்துத்தான் அறிந்துகொண்டோம். இது பெரிய குறை.

உங்கள் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் அலகு என்பது 1000 லீற்றர். பாவனை கூடக் கூட அலகின் விலையும் படிப்படியாகக் கூடும். அதனால் சிறு கசிவுகூட உங்களை மேல் படிக்குத் தள்ளிவிடலாம். இரவு எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால் வீட்டுக்குள் எங்கோ ஒழுகுகிறது. செக்கனுக்கு ஒரு சொட்டு என்று விழும் பைப் மாதத்துக்கு நூற்றுக்கணக்கான லீற்றரைக் குடித்துவிடும். கொமட் தாங்கி ஒழுகினால் அதைவிடப் பல மடங்கு. சமுர்த்திக் குடும்பங்களுக்கெனத் தனிக் கட்டண வகுதி நீண்டகாலமாக இருந்து வந்திருக்கிறது. உதவி பெறும் குடும்பமாக இருந்தால் பில்லில் எந்த வகுதி போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீதியில் குழாய் உடைந்து ஓடினால் 1939 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

நீர்மூலத்துக்கு வருவோம். உன்னிச்சைக் குளம் குடிநீருக்காக வெட்டியது இல்லை, வயலுக்காக. போகத்துக்கு முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது பூட்டுவது என்று விவசாயிகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் முடிவெடுப்பார்கள். வயல்களுக்கு நீரைப் பகிரும் பொறுப்பாளர்களான வட்டவிதானைமார் வாய்க்கால் வாய்க்காலாக அதை நடைமுறைப்படுத்துவார்கள். இந்த ஏற்பாட்டுக்குள் குடிநீர் பிந்தி வந்த விருந்தாளி. சிறுபோகத்தில் மழை பொய்த்தால் குடிநீருக்குக் குளத்தில் எவ்வளவு நிறுத்திவைப்பது என்பதை விதைப்புக்கு முன்பே எழுத்தில் வைப்பதுதான் முறை. பயிர் நின்ற பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும், அந்தச் சண்டையில் விவசாயி பக்கமும் நியாயம் இருக்கும். நீர் வற்ற வற்ற அதன் தரமும் கெடும். பாசி பெருகும், சுத்திகரிப்புச் செலவு ஏறும். இன்னொன்று, குளத்தருகே வாழும் கிராமத்தவர்கள் தங்களுக்கும் குடிநீர் வேண்டுமென்று வீதியில் இறங்கியதும் இந்த மாவட்டத்தில் நடந்ததுதான். தன் ஊரின் குளத்து நீர் குழாயில் நகரத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர்ப் பவுசருக்காகக் காத்திருக்கும் சனம் அந்தக் குளத்தைக் காக்க ஏன் முன்வர வேண்டும்?

தரத்தைப் பொறுத்தவரை அளவுகோல் தயாராகவே இருக்கிறது. குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ் 614. ஈ.கோலை பக்டீரியா இருக்கவே கூடாது; அமில காரத்தன்மை (pH) 6.5 முதல் 8.5 வரை. குளோரின் மணம் லேசாக அடித்தால் பயப்பட வேண்டியதில்லை, குழாய் வழியில் கிருமி தொற்றாமல் இருக்கக் கொஞ்சம் மிஞ்சி வரத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் நாம் கேட்டால் சொல்வார்களா? சொல்ல வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நீர்ச்சபையையும் கட்டுப்படுத்துகிறது. பிரதேச அலுவலகத்தில் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. "நீர்ச்சபை பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதுங்கள்: "கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்த அலுவலகப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட நீரின் மாதாந்த அளவு, பட்டியலிடப்பட்ட (பில் போடப்பட்ட) அளவு, எமது ஊரில் எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளின் பரிசோதனை முடிவுகள், பதிவான குழாய் உடைவுகளும் அவை திருத்தப்பட்ட திகதிகளும்." முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருமானம் தராத நீர் உங்கள் கையில். கடைசியில் உள்ள திகதிகள் பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

கையளித்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். பிரதிக்குச் சிறு கட்டணம் அறவிடுவார்கள். முதல் நான்கு ஏ4 பக்கங்கள் இலவசம். மேலே சொன்ன கேள்விகளுக்கு அதுவே போதுமாக இருக்கும்.