கண்ணுக்கு முன்னால் காது

"லெஃப்ட் ஃபோர் லாங், டைட்டன்ஸ் த்ரீ, டோன்ட் கட். சிக்ஸ்டி. ரைட் சிக்ஸ் ஓவர் க்ரெஸ்ட், இன்டு ஹேர்பின் லெஃப்ட்."

டர்ட் ராலி 2.0 போன்ற ராலி கார்ப்பந்தய வீடியோ ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குபவருக்கு இது ஏதோ மந்திரம் ஓதுவதுபோலத்தான் கேட்கும். பக்கத்து சீட்டுக் குரலை அணைத்துவிட்டு, திரையைப் பார்த்தே ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஏன் சரிப்படாது என்பதற்கு ஒரு தோராயக் கணக்குப் போதும்.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 33 மீட்டர். மண் பாதையில் டயரின் பிடி, நல்ல தார்ச்சாலையில் கிடைப்பதில் பாதி என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 60-ஆகக் குறைக்கவே 85 மீட்டர் ஆகிவிடும். வளைவைக் கண்டு, புரிந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு நொடி போனால் இன்னொரு 33. மொத்தம் சுமார் 120 மீட்டர். மரங்கள் அடர்ந்த பாதையில், ஒரு மேட்டை நெருங்கும்போது 50 மீட்டர் தெரிந்தாலே பெரிது. மீதி 70 மீட்டரை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலைக்குத்தான் கோ-டிரைவர். அவர் கையில் இருக்கும் குறிப்புக்குப் பெயர் பேஸ்நோட்.

இந்த வித்தை உலகறியப் பலித்த இடம் 1955-இன் மில்லே மிலியா. இத்தாலியின் பிரெஷ்ஷாவில் கிளம்பி, ரோமுக்குப் போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பந்தயம். ஸ்டிர்லிங் மாஸ் ஓட்ட, பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்கூட்டியே பாதையில் வண்டி ஓட்டிப் பார்த்து எழுதிய குறிப்புகளை ஐந்து மீட்டருக்கும் மேல் நீண்ட ஒரே காகிதச் சுருளாக்கி, சின்னப் பெட்டிக்குள் பொருத்தி, ஓட ஓடச் சுருட்டிக்கொண்டே படித்தார். திறந்த காரின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் கையால் சைகை. 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் முதலிடம்.

சரி, குறிப்புக்கு வருவோம். முதலில் திசை, அப்புறம் எண். இன்று பல ஆட்டங்களில் 1 மிக இறுக்கமான வளைவு, 6 கிட்டத்தட்ட நேர்பாதை. 1-ஐவிட மோசமானவற்றுக்கு எண்ணே இல்லை: செங்கோணத்தில் திரும்பினால் ஸ்கொயர், வந்த வழியே திருப்பினால் ஹேர்பின். தனியாக வரும் 'சிக்ஸ்டி', அடுத்த வளைவு வரைக்குமான தூரம், மீட்டரில். தூரம் சொல்லாமல் 'இன்டு' என்றால் மூச்சுவிட நேரமில்லை, இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது எண் அல்ல, அதற்குப் பின்னால் வரும் வால். 'டைட்டன்ஸ்' என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 4-க்கான வேகத்தில் நுழைந்தால், வளைவின் பாதியில் பாதை 3-ஆகச் சுருங்கும்போது வண்டி வெளிப்பக்கப் பள்ளத்தை நோக்கி வழுக்கியிருக்கும். சொல்லப்பட்டதை மதித்தவர் நுழைவிலேயே வெளி ஓரத்தைப் பிடித்து, உட்புறம் தொடுவதைத் தள்ளிப்போட்டிருப்பார். 'டோன்ட் கட்' என்றால் வளைவின் உள் ஓரத்தைக் குறுக்கே வெட்டிப் போகாதே, அங்கே கல்லோ மரக்கட்டையோ இருக்கிறது. டர்ட் ராலி 2.0-இல் அர்ஜென்டினாவின் ஒடுங்கிய மலைப்பாதைக்குப் போனால் இந்தச் சொல்லின் அருமை தெரியும். பாறையில் ஒரு உரசல், சக்கரம் போச்சு. 'ஓவர் க்ரெஸ்ட்' இன்னும் விஷமம். மேட்டின் உச்சியில் வண்டி எடை இழந்து மிதக்கும், அங்கே பிரேக்கை மிதித்துப் பயனில்லை. மேலே நாம் கேட்ட வரியில் உச்சிக்கு அடுத்தே ஹேர்பின். ரைட் சிக்ஸ்தானே என்று அழுத்திப் போனவர் கதை முடிந்தது. வேகத்தை மேட்டுக்கு முன்பே, ஹேர்பின் கண்ணில் படாதபோதே, குறைத்திருக்க வேண்டும்.

நிஜ ராலிக்கும் விளையாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். பேஸ்நோட்டைச் சொல்வது ஓட்டுநர், கோ-டிரைவர் எழுதிக்கொள்கிறார். போட்டிக்கு முன் கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில், உலக ராலியில் வழக்கமாக இரண்டே முறை, பாதையைச் சுற்றிப் பார்த்து, ஓட்டுநர் தன் கண்ணுக்கு 4-ஆகத் தோன்றுவதை 4 என்கிறார். போட்டியன்று கேட்பது அவருடைய தீர்ப்பேதான், இன்னொருவர் குரலில். ஆட்டத்திலோ குரலும் இரவல், தீர்ப்பும் இரவல். 'ஒரு கை உப்பு போடு' என்று பாட்டி சொன்னால் அது பாட்டியின் கை. நம் கைக்கு எவ்வளவு என்பது சமைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அதேபோல ஒரே வண்டி, ஒரே பாதை என்று வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் கோ-டிரைவர் சொல்லும் 3-க்கு எந்த கியர், எவ்வளவு ஸ்டியரிங் என்று உடம்பில் ஏற்றிக்கொள்வதே நல்ல பயிற்சி என்பேன். எண் பெரும்பாலும் வளைவின் வடிவத்தைச் சொல்கிறது, வேகத்தை அல்ல. பனியில் அதே 4-க்கு வேகம் வேறு.

நேரமும் முக்கியம். முதல் வரியைச் சொல்லி முடிக்கவே இரண்டு, மூன்று நொடி. அதற்குள் 70, 80 மீட்டர் ஓடிவிடும். ஆகவே ஒரு வளைவுக்குள் நாம் இருக்கும்போதே அடுத்ததற்கான குறிப்பு வந்துவிடுகிறது. புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இதனால்தான்: கேட்டதும் திருப்பிவிடுகிறார்கள். எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதைச் சில ஆட்டங்களின் செட்டிங்ஸில் மாற்றலாம். வேகமான வண்டிக்கு முன்கூட்டியே சொல்லவைப்பது நல்லது.

ராலி ஓட்டுநர் ரிச்சர்ட் பர்ன்ஸின் பெயரில் 2004-இல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி என்ற ஆட்டம் இதில் ஒரு படி மேலே. பர்ன்ஸின் நிஜக் கோ-டிரைவர் ராபர்ட் ரீடே அதில் குரல் கொடுத்தார். அதைவிட நல்ல விஷயம், ரசிகர்கள் எழுதிய பேஸ்நோட் செருகுநிரல் (ப்ளகின்). பாதையை மெதுவாக ஓட்டிப் பார்த்து, அவர் 4 என்பது உங்களுக்கு 3-ஆகப் பட்டால் திருத்தலாம், இரண்டு மீட்டர் முன்னே நகர்த்தலாம், விட்டுப்போன கல்லுக்கு ஒரு 'டோன்ட் கட்' சேர்க்கலாம். அப்புறம் ரீடின் குரலில் வருவது உங்கள் குறிப்பு.