குவா ஷா போட்டால் கால் இளைக்குமா?

சீன மரபு வைத்தியத்தில் வலிக்கும் காய்ச்சலுக்கும் செய்துவந்தது குவா ஷா. தோலில் எண்ணெய் தடவி, எருமைக்கொம்புத் துண்டாலோ பீங்கான் கரண்டியின் விளிம்பாலோ அழுத்திச் சுரண்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் செக்கச்செவேலென்று புள்ளிகள் கிளம்பும். நச்சு வெளியேறுகிறது என்பார்கள். எதுவும் வெளியேறுவதில்லை, நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த ரத்தம் அது. சில நாளில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

இப்போது இதையே கெண்டைக்கால் இளைக்கவும் செய்கிறார்கள். முன்பு 36 செ.மீ., பின்பு 35 என்று டேப் வைத்து அளந்து காட்டினால் யாருக்கும் ஆசை வரும். அளவு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. காலை ஓர் உருளையாக வைத்துக் கணக்குப் போடுங்கள்: 30 செ.மீ. நீளத்துக்குச் சுற்றளவு 1 செ.மீ. குறைய, சுமார் 170 மில்லி காணாமல் போயிருக்க வேண்டும். அத்தனையும் கொழுப்பு என்றால் 1000 கலோரிக்கு மேல் எரிந்திருக்கும். கையால் சுரண்டி அதெல்லாம் ஆகிற காரியமா? சுரண்டுபவருக்கு வேண்டுமானால் கொஞ்சம் இளைக்கலாம்.

கொழுப்பு செல்லைத் தோலுக்கு மேலிருந்து தேய்த்துக் கரைக்க முடியாது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கட்டளையிட்டால்தான் உள்ளேயுள்ள கொழுப்பு உடைந்து ரத்தத்தில் கலக்கும். அப்புறம் தசையோ வேறு உறுப்போ அதை எரிக்க வேண்டும். எரிக்க ஆளில்லாவிட்டால் மறுபடி சேமிப்புக்கே திரும்பும். எரிந்த கொழுப்பும் பெரும்பாலும் மூச்சில் கரியமில வாயுவாகத்தான் போகிறது: 10 கிலோவில் 8.4 கிலோ அப்படி, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராக.

சரி, அந்த 1 செ.மீ. எங்கே போனது? நாள் முழுக்க நின்றாலோ உட்கார்ந்தாலோ ரத்தக்குழாயிலிருந்து கசியும் நீர் காலில் தேங்கும். மேல்நோக்கி அழுத்தித் தேய்த்தால் அது நிணநீர்க் குழாய்கள் (தேங்கிய நீரை ரத்தத்துக்கே திருப்பும் மெல்லிய குழாய்கள்) வழியே கொஞ்சம் நகரும். மறுநாள் நின்றால் திரும்பவும் தேங்கும். கெண்டைத் தசை சுருங்கும்போதெல்லாம் ரத்தம் மேலே தள்ளப்படுவதால், நடந்தாலே இந்த வேலை நடந்துவிடும்.

குவா ஷா வெறும் ஏமாற்று என்றும் தள்ளிவிட முடியாது. 2007இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், சுரண்டிய இடத்தில் முதல் 7.5 நிமிடங்களுக்குத் தோலடி ரத்த ஓட்டம் நான்கு மடங்கானது. 2011இல் நாள்பட்ட கழுத்துவலிக்காரர்கள் 48 பேரிடம் சோதித்தபோது, ஒரு வாரம் கழித்து வெந்நீர் ஒத்தடம் போன்ற சூட்டுச் சிகிச்சையை விட நல்ல பலன் தெரிந்தது. இரண்டிலும் கொழுப்பைப் பற்றிப் பேச்சில்லை.

நரம்புச் சுருட்டல் உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் காலில் இதைச் செய்யக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பும் குழாயில்) ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.