ஓவியர் பீல் பாடம் செய்த பறவைகள்

ஜார்ஜ் வாஷிங்டன் முதலிய அமெரிக்கப் புரட்சிக் காலத் தலைவர்களை வரைந்து புகழ்பெற்ற சார்லஸ் வில்சன் பீல் (1741–1827), 1786ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலிருந்த தம் வீட்டையே அருங்காட்சியகமாக மாற்றினார். இளமையில் குதிரைச் சேணம் செய்யும் தொழில் பயின்று, பின்னர் லண்டனில் பெஞ்சமின் வெஸ்ட்டிடம் ஓவியம் கற்றவர் அவர். அங்கு வைப்பதற்காக இறந்த விலங்குகளைப் பாடம் செய்ய, அதாவது கெடாமல் பதப்படுத்தி உயிருள்ளவைபோல் நிறுத்த, அவருக்கு வழிகாட்ட ஆசிரியர் எவரும் இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் கொடுத்த அங்கோரா பூனையின் உடலைக்கூட அவரால் காப்பாற்ற முடியவில்லை.

இறந்த உடலின் தசையை அகற்றிவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. உலர்ந்த தோலையும் இறகையும் தின்னும் வண்டுகளின் புழுக்கள் சில ஆண்டுகளிலேயே அனைத்தையும் தூளாக்கிவிடும். பல முறைகளைச் சோதித்த பீல், இறுதியில் ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளின் கரைசலைத் தேர்ந்தார். உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் நொதிகளின் கந்தகப் பகுதியோடு பிணைந்து அவற்றை ஆர்செனிக் முடக்கிவிடுவதால், தோலைக் கடிக்கும் புழு மடிகிறது. அது ஆவியாகியோ சிதைந்தோ போவதில்லை என்பதால் பாதுகாப்பும் நெடுங்காலம் நீடிக்கிறது. மனித உடலிலும் அதே நொதிகள் இருப்பதால், பழைய பாடப் பொருள்களை இன்றும் கையுறையின்றித் தொடக்கூடாது. 1787ஆம் ஆண்டில் வாஷிங்டன் அனுப்பிய பொன் நிறக் காட்டுக்கோழிகள் இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆனால் கெடாமல் வைத்திருப்பது பாதி வேலைதான். வைக்கோல் திணித்த தோல் உருவம் இழந்து உப்பிவிடும் என்பதை உணர்ந்த பீல், பெரிய விலங்குகளின் கால்களை மரத்தில் செதுக்கி, தசைகள் புடைத்தும் குழிந்தும் தெரியும்படி அமைத்து, அதன்மேல் தோலைப் போர்த்தினார். தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறியாமல் முகம் வரைய முடியாது. அந்த ஓவியப் பயிற்சியே இங்கு அவருக்குக் கைகொடுத்தது என்று நான் கருதுகிறேன். கண்ணாடிப் பெட்டிகளின் பின்புறத்தில் அந்தந்த உயிரினம் வாழும் நிலக்காட்சியையும் வரையச் செய்தார்.

1801ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க் அருகே, யானையை ஒத்த அழிந்துபோன விலங்கான மாஸ்டடானின் எலும்புகளைத் தோண்டி எடுத்தபோதும் இதே அணுகுமுறை பயன்பட்டது. முதுகெலும்புள்ள விலங்கின் எலும்புக்கூடு இடமும் வலமும் ஒத்திருப்பதால், ஒருபுறம் கிடைக்காத எலும்புக்கு மறுபுறத்து எலும்பே அளவுகோலாயிற்று. அதைப் பார்த்து மரத்தில் செதுக்கிச் சேர்த்தனர். சிதறிய துண்டுகளைப் பொருத்துவதில் பீல் வீட்டில் அடிமையாக வளர்ந்த மோசஸ் வில்லியம்ஸ் ஆற்றிய பங்கு இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது. அந்த எலும்புக்கூடு இப்போது ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.