புரட்டாசியில் வீடு மாறும் பூனைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழர் பலர் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு, “யாருமில்லாத பூனை டாக்டர், நாங்களே எடுத்துக்கொண்டோம்” என்ற சொல்லோடு கொண்டுவரப்படும் பூனைகள் செப்டம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு வரை கூடுதலாகவே வருகின்றன. புரட்டாசி பிறந்ததும் நம் வீடுகள் பலவற்றில் மீனும் கறியும் நின்றுவிடுகின்றன. விரதம் வீட்டாருக்குத்தானே தவிரத் தனக்கில்லை என்று தெரிந்த பூனை, மதிலைத் தாண்டி மீன் பொரிக்கும் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்துத் தீபாவளியும், நவம்பர் 5ஆம் தேதி வரும், ஆங்கிலேயர் வழக்கத்திலிருந்து வந்த வாணவேடிக்கை நாளான கை ஃபாக்ஸ் இரவும், ஆண்டின் கடைசி நாளும் வரிசையாக வெடியோடு வருகின்றன. அப்போது மிரண்டு ஓடிய பூனை யார் வீட்டுக் கொட்டகையிலாவது பதுங்கிக்கொண்டு, பசித்ததும் அங்கேயே குரல் கொடுக்கிறது. காணாமற்போய்த் திரும்பக் கிடைத்த பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, காணாமற்போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தது தெரியவந்தது. அதாவது, உங்கள் வாசலில் நிற்கும் பூனையைத் தேடுபவர் பெரும்பாலும் உங்கள் தெருக்காரர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்கா சாம்பல் நிறப் பூனையொன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். எலும்பும் தோலுமாக வந்து நின்றது, எவ்வளவு வைத்தாலும் தின்கிறது, இரவெல்லாம் கத்துகிறது, இதை வளர்த்தவர்களுக்கு ஈரமே இல்லையா என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து பொரிந்து தள்ளினார். திரும்பவும் தெருவுக்குப் போய்விடக் கூடாதென்று மூன்று வாரமாக அதை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். நான் ஸ்கேனரை எடுத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்ததும், தோலுக்கடியில் பதித்திருந்த மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் திரையில் வந்தது. அந்த எண்ணைப் பதிவேட்டில் பார்த்தால், உரிமையாளர் மூன்று தெரு தள்ளித் தனியாக வாழும் ஒரு தாத்தா. பூனைக்கு வயது பதினான்கு. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்க்கு அவர் காலையும் மாலையும் மாத்திரை கொடுத்துவந்திருக்கிறார். பூட்டி வைத்த மூன்று வாரமும் மாத்திரை இல்லாததால் இதயம் எண்ண முடியாத வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

இந்த நோயைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் நல்ல மனம் படைத்தவர்களை இதைப்போல் ஏமாற்றுவது வேறில்லை. பத்து வயதைக் கடந்த பூனைகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. சுரப்பி மிகையாக வேலை செய்வதால் தின்பதெல்லாம் எரிந்துபோக, பூனை நிறையத் தின்றும் மெலிந்துகொண்டே போகும். மயிர் கலைந்து கிடக்கும். நிலைகொள்ளாமல் அலைந்து இரவில் உரக்கக் கத்தும். பட்டினி போடப்பட்ட பூனையை நாம் மனத்தில் எப்படி வரைந்து வைத்திருக்கிறோமோ, அப்படியேதான் இதுவும் இருக்கும். நீரிழிவும் நாட்பட்ட சிறுநீரக நோயும்கூடப் பூனையை இவ்வாறு உருக்குலைக்கும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பூனையை ஒருவர் இரக்கப்பட்டு அடைத்து வைத்தால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. சிறுநீர்க் கற்களுக்காகத் தனி உணவில் இருக்கும் ஆண் பூனைக்கு வீட்டில் கிடைப்பதையெல்லாம் கொடுத்து, அதனால் மீண்டும் அடைப்பு ஏற்பட்டால், ஒன்றிரண்டு நாளில் அது இறந்துபோகலாம். ஆகவே, மெலிவை மட்டும் வைத்து யாரையும் கொடியவர் என்று தீர்ப்பளித்துவிடாதீர்கள்.

அரிசிமணி அளவே உள்ள மைக்ரோசிப் பூனை இருக்கும் இடத்தைக் காட்டாது. ஸ்கேனர் அருகே வந்தால் தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். சில நேரம் அது தோலுக்கடியில் நகர்ந்து முன்னங்கால் பக்கம் போயிருக்கும் என்பதால் உடல் முழுவதும் ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சிப் இருந்தும் பதிவேட்டில் பழைய தொலைபேசி எண்ணே கிடப்பது என்னை அதிகம் எரிச்சலூட்டும் விஷயம். எண் மாற்றும்போது வங்கிக்குச் சொல்கிறோம், பூனையின் பதிவை மறந்துவிடுகிறோம்.

சிப் இல்லாவிட்டால் காகிதப் பட்டை போதும். “இந்தப் பூனைக்கு வீடு உண்டா?” என்ற கேள்வியையும் உங்கள் எண்ணையும் எழுதி, எங்காவது மாட்டினால் கிழிந்துவிடும்படி தளர்வாகக் கழுத்தில் ஒட்டி, பூனையை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். ஒருமுறை அப்படி அனுப்பிய பட்டை, “இவன் ஏற்கெனவே இரண்டு வீட்டில் காலை உணவு முடித்துவிட்டான்” என்ற பதிலோடு திரும்பி வந்தது. தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போடும்போது ஏதாவது ஓர் அடையாளத்தை மறைத்துவைத்து, உரிமை கோருபவரிடம் அதைக் கேளுங்கள். விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வுக்கும் தெரிவித்துவிடுங்கள். அடிபட்ட பூனைக்கும் கண் திறக்காத குட்டிகளுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது, உடனே கொண்டுவாருங்கள். ஆனால் மடி சுரந்திருக்கும் தாய்ப்பூனையை மட்டும் தூக்கி வந்துவிட்டால், குட்டிகள் எங்கோ பசியோடு கிடக்கும்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்திலும், சொந்தக்காரர் கைவிடும் எண்ணத்தோடு விட்டாலொழிய, வழிதவறிய வளர்ப்பு விலங்கு அவருடைய உடைமையாகவே நீடிக்கிறது. சோறு போட்டதாலோ பெயர் வைத்ததாலோ அது நமதாகிவிடாது.

அந்தச் சாம்பல் பூனையைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அக்கா அழுதார். தாத்தா கோபமாகவே வந்தார். நியாயமான கோபம்தான். மூன்று வாரம் கால் வலியோடு ஒவ்வொரு தெருவாகத் தேடியிருக்கிறார். ஆனால் பூனை விடுவதாக இல்லை, அடுத்த வாரமே மாலை நேரத்தில் அக்கா வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. இப்போது காலை மாத்திரை தாத்தா வீட்டில், மாலை மாத்திரை அக்கா வீட்டில். எங்கள் கிளினிக் அட்டையில் அதற்கு இரண்டு பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.